புது ஸ்பீக்கர் உண்மையிலேயே உசத்தியா? மேசை ஒலிபெருக்கியின் நூறாண்டுக் கதை

எங்கள் வீட்டு மேசையில் 2007-இல் வாங்கிய ஒரு ஸ்பீக்கர் செட் இருக்கிறது. இரண்டு சின்னப் பெட்டி, மேசைக்குக் கீழே ஒரு கனமான மரப்பெட்டி. கடைக்காரர்கள் பாஷையில் சொன்னால் 2.1. அப்பா முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியபோது புதுச்சேரி டவுனிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம். இந்தக் கதையை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

சில மாதங்களாக அது 'ம்ம்ம்' என்று இரைய ஆரம்பித்தது. வால்யூமைத் திருகினால் கரகர. "பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு" என்றார் அம்மா. "இந்த மாதிரி இனிமேல் வராது" என்றார் அப்பா. உண்மையில் அந்த ஸ்பீக்கரை அதிகம் பயன்படுத்துவது இருவருமே இல்லை, எங்கள் ஆயாதான். காது மந்தமாகி விட்டதால் காலைச் செய்தியையும் பழைய பாட்டையும் என் செல்போனிலிருந்து அதன் வழியாகத்தான் கேட்பார். புதுசு வாங்குவதென்றால் நான் சேர்த்து வைத்திருந்த 2,500 ரூபாய் போய்விடும். அதனால், "புதியது உண்மையிலேயே நல்லதா, இல்லை புதியது என்பதால் நல்லதாகத் தெரிகிறதா?" என்ற கேள்வி எனக்குக் காசு சம்பந்தப்பட்ட கேள்வியாகி விட்டது. விடை தேடிப் போனதில் கிடைத்த வரலாறுதான் இந்தக் கட்டுரை.

முதல் பவர் ஸ்பீக்கர் எப்போது வந்தது?

உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வைத்த ஸ்பீக்கர் கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. அதற்கு வயது நூறு!

காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய ஒரு தகடு. சுருளில் மின்சாரம் ஏறி இறங்கினால் தகடு முன்னும் பின்னும் அசையும். காற்று அதிரும். சத்தம் வரும். இவ்வளவுதான் ஸ்பீக்கர். இந்தச் சுருள் யோசனைக்கு எர்ன்ஸ்ட் வெர்னர் சீமன்ஸ் 1870களிலேயே காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் 1898-இல் அதை மேம்படுத்தினார். ஆனால் சுருளை அசைக்கும் அளவுக்குச் சமிக்ஞையைப் பெரிதாக்கும் கருவி அப்போது இல்லை. அதனால் யோசனை தூங்கியது.

1915-இல் அமெரிக்காவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் இதே சுருளின் மேல் ஒரு பெரிய குழாயைப் பொருத்தினார்கள். அதற்கு 'மேக்னவாக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் 'பெருங்குரல்' என்று பொருள். 1919-இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சான் டியேகோவில் சுமார் 50,000 பேர் கூடிய கூட்டத்தில் பேசியது இந்தக் கருவியின் வழியாகத்தான். இன்று நாம் திருவிழாவில் பார்க்கும் குழாய் ஸ்பீக்கருக்கு இவர்களைத்தான் தாத்தா என்று சொல்ல வேண்டும்.

அதன் பிறகு வந்ததுதான் பெரிய திருப்பம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் குழாய் இல்லாமல், காகிதக் கூம்பு ஒன்றை நேரடியாகச் சுருளோடு இணைத்து 1925-இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். 1926-இல் அது 'ரேடியோலா 104' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதன் பெட்டிக்குள்ளேயே 1 வாட் ஆம்ப்ளிஃபையரும் இருந்தது! விலை சுமார் 250 டாலர். ஃபோர்டு மாடல் டி காரின் மலிவான வகை அந்தக் காலத்தில் சுமார் 260 டாலர். அதாவது ஒரு பவர் ஸ்பீக்கரின் விலைக்கு ஏறக்குறைய ஒரு காரே வாங்கியிருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இன்று நம் மேசையில் இருக்கும் ஸ்பீக்கரைப் பிரித்தாலும் அதே காந்தம், அதே சுருள், அதே கூம்புதான் இருக்கும். நூறு வருடமாக அடிப்படை மாறவில்லை. அப்படியென்றால் மாறியது எது?

நம் பக்கம் வந்த கதை

அதைப் பார்ப்பதற்கு முன், ஸ்பீக்கர் நம் பக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நம் மக்கள் ஸ்பீக்கரைத் தங்கள் வீட்டில் கேட்பதற்கு முன்னால் தெருவில்தான் கேட்டார்கள்.

1924-இல் சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கப்பட்டது. பணமில்லாமல் அது நின்றுபோக, 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. வானொலிப் பெட்டி வாங்க எல்லோருக்கும் வசதி கிடையாதே! அதனால் மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து மக்களுக்குப் பாட்டும் செய்தியும் கொடுத்தார்கள். 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது.

இன்னொரு பக்கம் பொதுக்கூட்டங்கள். காங்கிரஸ் மாநாடுகளுக்கு மைக் செட் கொடுத்த மும்பை நிறுவனம் சிகாகோ ரேடியோ. காந்தியும் நேருவும் பேசும் பழைய புகைப்படங்களில் மைக்கில் அந்தப் பெயர் இருப்பதை இன்றும் பார்க்கலாம். 1940-இல் தொடங்கிய டெல்லி நிறுவனம் அஹுஜா. எங்கள் பக்கம் எந்த சவுண்ட் சர்வீஸ்காரரின் வண்டியிலும் அந்தப் பெயர் கண்ணில் படாமல் இருக்காது.

ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். பாட்டு நன்றாகவா இருக்கும்? இருக்காது. அடித்தொனி என்பதே கிடையாது. தவில் சத்தம்கூடத் தகரம் தட்டின மாதிரிதான் கேட்கும். ஆனால் "கோயிலுக்கு வாங்க" என்று அறிவித்தால் வயல்காட்டில் நிற்பவருக்கும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகப் புரியும். காரணம் இருக்கிறது. சாதாரணக் கூம்பு ஸ்பீக்கர் தனக்குக் கொடுத்த மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவைத்தான் சத்தமாக மாற்றும். மிச்சம் எல்லாம் சூடு. குழாய் வைத்தால் இது பல மடங்கு கூடும். ஆனால் அந்த அளவுக் குழாயால் கீழ்த்தொனிகளைத் தர முடியாது. பேச்சுக்கு வேண்டியதைத் தந்து, பாட்டுக்கு வேண்டியதை விட்டுவிடும்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரைக் கடைசியில் தேவைப்படும்.

சின்னப் பெட்டிக்குள் பெரிய சத்தம்

சரி, மாறியது எது என்று பார்ப்போம்.

முதலில் காந்தம். ரைஸ், கெல்லாக் காலத்தில் போதுமான வலுவுள்ள நிரந்தரக் காந்தம் கிடையாது. மின்காந்தம்தான். அதற்கே தனி மின்சாரம் வேண்டும். 1930களில் அல்நிகோ வந்தது. 1950களில் மலிவான ஃபெரைட் வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாத்தோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியாக நியோடிமியம் காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் இருந்த காந்தம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கியது.

இரண்டாவது, பெட்டி. 1954-இல் எட்கர் வில்ச்சர் காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங் மாதிரி பயன்படுத்தி, அலமாரியில் வைக்கக்கூடிய ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைச் செய்தார். அதுவரை நல்ல அடித்தொனி வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் வழியைத் தந்தார்கள். அதன் பிறகு பெட்டி செய்வது கைப்பழக்கம் மட்டுமல்ல, கணக்கும்தான்.

ஆனால் கணக்கு ஒரு கெட்ட செய்தியையும் சொன்னது. ஹாஃப்மன் என்ற பொறியாளர் பெயரில் இதை 'இரும்பு விதி' என்பார்கள். சின்னப் பெட்டி, ஆழமான அடித்தொனி, குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம். இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். மூன்றாவதை விட்டே ஆகவேண்டும். 1954-இலும் இதே விதி, இன்றும் இதே விதி. எந்த விளம்பரமும் இதை மாற்ற முடியாது.

மூன்றாவது, ஆம்ப்ளிஃபையர். வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது, டிரான்சிஸ்டர் போய் ஐசி வந்தது. நம் ஊரில் கேசட் காலத்து ரேடியோ மெக்கானிக்குகளிடம் '4440 போர்டு' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். சான்யோவின் எல்ஏ4440 ஐசியை வைத்து எத்தனை ஆயிரம் வீடுகளுக்கு 'அசெம்பிள் செட்' செய்து கொடுத்திருப்பார்கள்! சென்னை ரிச்சி தெருவில் அந்தப் போர்டைத் தேடி அலைந்த தலைமுறை அது. எங்கள் வீட்டு 2.1 செட்டைத் திறந்தால் உள்ளே டிடிஏ2030 ஐசிகள். இதுவும் 1970களில் வந்த வடிவமைப்புதான். 2007-இல் 'புத்தம் புதுசு' என்று வாங்கிய செட்டுக்குள் முப்பது வருடப் பழைய ஐசி!

மேசைக்கு வந்தது எப்படி?

1981-இல் வந்த ஐபிஎம் பிசிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கர் 'பீப்' என்று கத்த மட்டுமே லாயக்கு. 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்த பிறகுதான் கம்ப்யூட்டர் பாட ஆரம்பித்தது. சிடி டிரைவும் சேர்ந்துகொள்ள, 1990களில் மேசை ஸ்பீக்கர் என்ற தனிச் சந்தையே உருவானது. கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் ஸ்பீக்கருக்குப் பச்சை ஓட்டை என்பதெல்லாம் அந்தப் பத்தாண்டின் கடைசியில் முடிவானது.

அப்போதைய மானிட்டர் குண்டு மானிட்டர். பக்கத்தில் காந்தம் வந்தால் திரையில் வானவில் மாதிரி நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். அதனால் மேசை ஸ்பீக்கர்களில் காந்தத்தின் பின்னால் எதிர்க்காந்தமும் இரும்பு மூடியும் வைத்தார்கள். பழைய ஸ்பீக்கர் கனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். "பழசு பார், எவ்வளவு வெயிட்டு! அதுதான் தரம்" என்று அப்பா சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். அந்த எடையில் ஒரு பங்கு சத்தத்துக்காக அல்ல, மானிட்டருக்காக. தட்டை மானிட்டர் வந்த பிறகு அது தேவையே இல்லை.

வாட்ஸ் என்னும் மாயை

இந்த இடத்தில் பழையவர்களும் புதியவர்களும் சேர்ந்து செய்த ஒரு ஏமாற்றைச் சொல்லியாக வேண்டும். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் '1000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்று போட்டிருப்பார்களே, அதுதான். ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் எட்டக்கூடிய உச்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். அளக்க எந்தப் பொது விதியும் கிடையாது.

அமெரிக்காவில் இந்தப் புளுகு தாங்காமல் 1974-இலேயே வீட்டு ஆம்ப்ளிஃபையர்களின் வாட்ஸை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று அரசு விதி போட்டது. நாம் ஏமாறாமல் இருக்க ஒரு எளிய கணக்கு போதும். சாதாரண யூஎஸ்பி 2.0 ஓட்டை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் 2.5 வாட். அதில் மட்டுமே ஓடும் ஸ்பீக்கர் தொடர்ந்து அதைவிட அதிகமாகத் தரவே முடியாது. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி! அடாப்டரில் ஓடுகிறது என்றால் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். அதுதான் உச்ச வரம்பு.

இன்னொன்று. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. கூடுவது 3 டெசிபல்தான், கொஞ்சம் கூடின மாதிரி தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

புதியது எங்கே ஜெயிக்கிறது?

நேர்மையாகச் சொல்கிறேன், புதியது பல இடங்களில் ஜெயிக்கிறது.

இப்போதைய ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 'டி வகை' ஆம்ப்ளிஃபையர். மின்சாரத்தை ஒரு நொடிக்கு லட்சக்கணக்கான தடவை போட்டு நிறுத்திச் சத்தத்தை உண்டாக்குகிறது. இந்த யோசனையும் பழசுதான். 1964-இலேயே இங்கிலாந்தின் சின்க்ளேர் நிறுவனம் எக்ஸ்-10 என்று ஒன்றை விற்றுப் பார்த்தது. 10 வாட் என்று சொன்னார்கள், வந்ததோ சுமார் 2.5. (புளுகு அங்கேயும் உண்டு!) நல்ல டிரான்சிஸ்டர்கள் வந்த பிறகுதான் அது உருப்பட்டது. பழைய 'பி வகை' கோட்பாட்டளவில்கூட 78.5 சதவீதத் திறனைத் தாண்டாது. டி வகை 90 சதவீதத்தை நெருங்கும். எங்கள் பழைய செட்டின் பெட்டியைச் சும்மா இருக்கும்போது தொட்டாலும் இளஞ்சூடாக இருக்கும். புதியது சில்லென்று இருக்கிறது.

அடுத்தது, உள்ளே இருக்கும் சின்னக் கணினிச் சில்லு. அது ஒவ்வொரு நொடியும் பாட்டைத் திருத்துகிறது. கூம்பு கிழியும் அளவுக்கு அடித்தொனி வந்தால் அடக்குகிறது, சத்தம் குறைவாக இருக்கும்போது அடித்தொனியை ஏற்றிக் கொடுக்கிறது. கையடக்கப் பெட்டியிலிருந்து 'டும்' என்று வருவது இதனால்தான். இரும்பு விதியை இது உடைக்கவில்லை. டி வகை ஆம்ப்ளிஃபையரில் மிச்சமாகும் மின்சாரத்தைக் கொண்டு அந்த விதிக்குக் கப்பம் கட்டுகிறது. அவ்வளவுதான்.

தோற்கும் இடங்களும் உண்டு. புளூடூத்தில் சத்தம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதமாக வரலாம். படம் பார்க்கும்போது செயலிகள் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும், விளையாடும்போது உதைக்கும். உள்ளே ஒட்டிய பேட்டரி சில வருடங்களில் சோர்ந்துபோகும். பல பெட்டிகளில் திறக்க ஒரு திருகாணிகூடக் கிடையாது.

எங்கள் வீட்டுச் சோதனை

நண்பனிடமிருந்து புது ஸ்பீக்கர் ஒன்றை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். பழையதை வில்லியனூரில் ஒரு டிவி ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். "கன்டென்சர் காய்ஞ்சி போச்சு தம்பி, வால்யூம் கன்ட்ரோலும் தேய்ஞ்சிருக்கு" என்றவர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். செலவு 180 ரூபாய். இரைச்சல் போயே போச்சு!

ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எந்த ஸ்பீக்கர் என்று கண்ணால் பார்த்துக் கேட்டபோது ஒரு மதிப்பெண், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது வேறு மதிப்பெண். அளவும் அழகும் பெயரும் காதை ஏமாற்றுகின்றன. அதனால் நானும் அம்மாவின் பழைய புடவையைத் திரையாகக் கட்டினேன். அதிகச் சத்தம் வருவதுதான் நல்லது என்று காது எப்போதும் நினைக்கும் என்பதால், செல்போனில் அளந்து இரண்டையும் ஒரே அளவில் வைத்தேன்.

பாட்டு போட்டபோது அம்மாவும் தங்கச்சியும் புதியதைத் தேர்ந்தெடுத்தார்கள். "இனிமேல் வராது" என்று சொன்ன அப்பா... அவரும் புதியதைத்தான்! திரையை விலக்கியதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் ஆயா? "இதுல சத்தம் நல்லா வருதுடா, பேச்சுதான் புரியல" என்றார், புதியதைப் பற்றி. பால், கால், வால், பல், கல், சொல் என்று இருபது வார்த்தைகளை என் குரலில் பதிவு செய்து போட்டேன். பழையதில் பெரும்பாலும் சரியாகச் சொன்னார். புதியதில் பாதியைத் தவறவிட்டார்.

எனக்கு அப்போதுதான் வேப்பமரத்துக் குழாய் ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. வார்த்தையை வார்த்தையாக்குவது ப, க, ச, த போன்ற மெய்யொலிகள். அவற்றின் அடையாளம் பெரும்பாலும் மேல்தொனிகளில் இருக்கிறது. வயதானால் காது முதலில் இழப்பதும் அந்த மேல்தொனிகளைத்தான். அதன் மேல் அடித்தொனியை ஏற்றிவிட்டால் மிச்சம் இருப்பதும் மூழ்கிவிடும். இளம் காதுக்கு இனிப்பாக இருப்பது முதிய காதுக்கு மூடுபனி.

உடனே புது ஸ்பீக்கரின் அமைப்பில் போய் அடித்தொனியை நன்றாகக் குறைத்தேன், நடுத்தொனியைக் கொஞ்சம் ஏற்றினேன். மறுபடி அதே வார்த்தைகளை வரிசை மாற்றிப் போட்டேன். இப்போது ஆயா பழையதில் சொன்னதற்குக் குறையாமல் சொன்னார். "இப்பதான் மனுஷன் பேசுற மாதிரி இருக்கு" என்றார்.

ஒரு வீட்டில் நடந்த சோதனை விஞ்ஞானமாகி விடாது, தெரியும். ஆனாலும் எனக்கு ஒன்று புரிந்தது.

முடிவாக...

புது மேசை ஸ்பீக்கர் பழையதைவிட முன்னேற்றமா? அளவுக்கும் விலைக்கும் மின்சாரத்துக்கும் பார்த்தால், ஆம், சந்தேகமே இல்லை. 1926-இல் கார் விலைக்கு விற்ற 1 வாட்டைவிட நல்ல சத்தம் இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் முன்னேறியது கூம்பும் சுருளும் அல்ல, அவற்றைச் சுற்றியுள்ள மின்னணுதான். அந்த மின்னணுவை நமக்காகத் திருப்பவும் முடியும், நமக்கு எதிராகத் திருப்பவும் முடியும். கடையில் எல்லோரையும் ஒரு நிமிடத்தில் மயக்கும்படி அதை அமைத்து அனுப்புகிறார்கள். யார் கேட்கப்போகிறார்கள், எதைக் கேட்கப்போகிறார்கள் என்பது செய்தவருக்குத் தெரியாது. அது நமக்குத்தான் தெரியும்.

அதனால் வாங்கப் போகிறவர்களுக்கு மூன்று வார்த்தை. பழையது இரைந்தால் முதலில் கன்டென்சரை மாற்றிப் பாருங்கள். புதியது வாங்கினால் வாட்ஸைப் பார்க்காதீர்கள், தொனியைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் கடைக்கு அவரையும் கூட்டிப்போய், பாட்டுக்குப் பதிலாகச் செய்தியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

நண்பனின் ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 2,500-இல் 180 போக மிச்சம் 2,320 ரூபாய் என்னிடமே இருக்கிறது. காலையில் ஆயா பழைய செட்டில் செய்தி கேட்கிறார். அப்பா மட்டும், "என்ன இருந்தாலும் அந்தப் புதுசு..." என்று ஆரம்பிக்கிறார்.